சில்லைப் பிடித்திருக்கும் கை

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலையுணவை முடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தோம். நம்மிடம் முன்னர் பௌதிகம் பயின்றவரும், இப்பொழுது தம்பலகாமத்தில் சிறியதொரு கராஜ் நடத்துபவருமாகிய இளைஞர் ஒருவர் வந்து, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மூன்று பொருள்களை நமக்கு முன்னால் எடுத்து வைத்தார். ஒன்று, கறுத்து உப்பி ஓரத்தில் வெடித்துப்போன பழைய றப்பர் வளையம். இரண்டாவது, உள்ளே உருக்குக் குழலும் வெளியே உருக்கு உறையும் கொண்டு, இடையே றப்பர் ஒட்டப்பெற்ற புதிய புஷ். மூன்றாவது, சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்போலச் சிவப்பு நிறத்தில் பளபளத்தது. பொலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது.

“சேர், மூன்றும் ஒரே துளைக்குள் போகிறவைதான். எதைப் போடுவது?” என்றார்.

பரீட்சை மண்டபத்தில் நாம் அவரிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பழிதீர்க்க வந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டோம்.

விடயம் இதுதான். இவ்வூரிற் பிறந்து, இலண்டனில் முப்பது ஆண்டுகள் உழைத்து, ஓய்வுபெற்றுத் திரும்பியிருக்கும் அன்பர் ஒருவர், தம் சிறிய தந்தையார் கொழும்பில் வைத்திருந்த எம்.ஜி.பி. காரைக் கொண்டுவந்து நமது மாணவரின் கராஜில் விட்டிருந்தார். திறந்த மேனியும் இரண்டே இருக்கைகளும் கொண்ட பந்தயச் சாயல் கார் அது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன என்றால், அக்காலத்து இளைஞர் உலகத்தை அது எவ்வளவு மயக்கியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அன்பரின் இலண்டன் நண்பர்கள் அவருக்கு ஓர் உபதேசம் செய்து அனுப்பியிருந்தார்கள். முன்சில்லுகளைத் தாங்கும் கைகளையும் அவற்றின் புஷ்களையும் மாற்றிவிட வேண்டும். நீளம் கூடிய கைகளும் கடினமான சிவப்புப் புஷ்களும் போட்டால் கார் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடும் என்பதே அந்த உபதேசம். அவரும் அதற்கான சாமான்களைப் பெட்டியிலிட்டுக் கொண்டுவந்துவிட்டார். நமது மாணவருக்கோ மனம் ஒப்பவில்லை. ஆயினும் ஒப்பாமைக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

கையென்றும் புஷ்ஷென்றும் நாம் கூறுவது விளங்காத இல்லத்தரசியரும் மாணவரும் இருப்பர். அவர்கள் பொருட்டு ஒரு மாட்டுவண்டியை நினைவுக்குக் கொண்டுவருவோம். வயலிலிருந்து நெல்மூடை ஏற்றிவரும் வண்டியின் சில்லுக்கு ஒரேயொரு சுதந்திரந்தான் உண்டு. அச்சைச் சுற்றி உருளலாம். பள்ளத்தில் விழுந்தால் சில்லோடு வண்டியும், வண்டியோடு மூடையும், மூடைமேல் இருப்பவரும் சேர்ந்தே விழுவார்கள். காரின் சில்லுக்கு இரண்டாவது சுதந்திரம் ஒன்று வேண்டும். பள்ளத்துக்கு இறங்கவும் மேட்டுக்கு ஏறவும் அது தனியே அசைதல் வேண்டும். ஆனால் அந்த அசைவு மேலும் கீழுமாக மட்டும் இருக்கவேண்டுமேயன்றி முன்னும் பின்னுமாகவோ பக்கவாட்டிலோ இருத்தலாகாது. இந்த ஒழுங்கைக் காப்பதே கையின் தொழில். ஒரு முனை காரின் உடலோடும் மறுமுனை சில்லோடும் பொருந்தி, கதவு பிணைச்சலில் ஆடுவதுபோல் அது ஆடுகிறது. உடலோடு பொருந்தும் அந்த மூட்டிலே இரும்பும் இரும்பும் உரசாதபடி இடையில் இருப்பதுதான் புஷ். நமது முதுகெலும்புக் கணுக்களின் இடையே குருத்தெலும்பு இருக்கிறதல்லவா, அதற்கொப்பானது. அது தேய்ந்தவர்களின் அவஸ்தையை அறிந்தவர்கள் கார்ப் புஷ்ஷின் அருமையையும் அறிவார்கள்.

இச்சிறு வளையத்தின்மேல் விழும் பாரத்தை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். எம்.ஜி.பி. ஏறத்தாழ 920 கிலோகிராம் நிறையுடையது. புவியீர்ப்பு ஆர்முடுகலின் பத்தில் ஏழு பங்கு வேகத்தணிவு ஏற்படும்படி பிறேக்கை அழுத்தினால், காரை மறிக்கும் விசை ஏறக்குறைய 6300 நியூற்றன். பிறேக் பிடிக்கும்பொழுது பாரம் முன்புறம் சாய்வதால் அதில் நூற்றுக்கு எழுபது பங்கை முன்சில்லுகள் ஏற்கின்றன என்று கொள்வோமாயின், ஒவ்வொரு முன்சில்லையும் 2200 நியூற்றன் விசை பின்னோக்கித் தள்ளுகிறது. இரண்டு பெரிய நெல்மூடைகளுக்கு மேற்பட்ட பாரம் இது. நெம்புகோல் விதியின்படி, தரைக்கு அண்மையிலிருக்கும் கீழ்க்கை அதனினும் கூடிய விசையைத் தாங்கவேண்டியிருக்கிறது. புஷ் நைந்துபோயிருந்தால் இவ்விசையின்கீழ்க் கை பின்னால் நகரும். சில்லு தான் நோக்கும் திசையை மாற்றிக்கொள்ளும். வலப்பக்கப் புஷ் நல்லதாகவும் இடப்பக்கப் புஷ் கெட்டதாகவும் இருப்பின், நாம் ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்திருக்கவே கார் ஒரு பக்கம் இழுக்கும். மழைநாளில் எதிரே லொறி வரும்பொழுது அவ்விழுப்பு என்ன செய்யும் என்பதை எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

இவற்றை நாம் புத்தகத்திலே மட்டும் படித்தறிந்தோமில்லை.

நமது தந்தையாரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. இலங்கையில் இக்காருக்கு அறிமுகம் தேவையில்லை. 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்து, 1960ஆம் ஆண்டு முடிவில் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயர்பெற்று, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்ற பின்னரும் நம் நாட்டு வீதிகளைவிட்டு நீங்க மறுத்த கார் அது. 1990களின் தொடக்கத்தில் பாத் நகரத்துச் சாள்ஸ் வெயர் என்பவர், மைனருக்குரிய பாகங்களைச் செய்யும் ஆலையொன்றை இலங்கையிலேயே தொடங்கத் துணைநின்றார் என்றால், நாம் அதன்மேற் கொண்ட பற்றை அளந்துகொள்ளலாம். இறக்குமதித் தடைகளும் அப்பற்றுக்குக் கைகொடுத்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. புதியது வராத நாட்டில் பழையது சாவதில்லை. அண்மையிலும், 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது.

மைனரை வகுத்தவர் அலெக் இஸிகோனிஸ். மாதிரிக் கார் ஒடுக்கமாயிருக்கிறதென்று அதை நடுவே இரண்டாகப் பிளந்து, பாதிகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, நான்கங்குலம் அகலங்கூட்டிய பின்னரே திருப்தியடைந்தாராம். சில்லுகளுக்கிடையே அகலங்கூடினால் திருப்பத்தில் கார் நிலைகுலையாது. போருக்கு முன்னர் அவர் பங்குகொண்டு வகுத்த முன்சில்லுத் தாங்கியொன்று, 1947இல் எம்.ஜி.யின் வை வகைக் காரில் வெளிவந்து, டீ.டி., எம்.ஜி.ஏ. என்னும் கார்களின் வழியாக எம்.ஜி.பி.க்கும் போய்ச் சேர்ந்தது. ஆகவே ஏழை ஆசிரியனின் மைனரும் சீமான் வீட்டுப் பந்தயக் காரும் ஒருவகையில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் எனலாம். இரண்டிலும் கீழே புஷ்கள் பொருத்திய கை. மேலே அதிர்வடக்கியின் கையே மேற்கையாகவும் பணிபுரிகிறது. மைனரிலே ஒரு வேறுபாடு உண்டு. சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் கீழ்முனை, கீழ்க்கையின் மூட்டிலே திருகாணிபோல் மரையால் இறங்கியிருக்கும். அந்த மரைக்குத் தவறாது கிரீஸ் ஊட்டவேண்டும். ஊட்டாவிடின் மரை தேயும். தேய்ந்து முடிந்த நாளில் தண்டு மூட்டைவிட்டுக் கழன்று சில்லு மடிந்துவிடும்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், தந்தையார் காலமான பின்னர், அந்தக் கார் நம் கைக்கு வந்தது. வேலை மிகுதி, சோம்பல் அதனினும் மிகுதி. “முன்பக்கம் சத்தம் கேட்குதே, கழற்றிப் பாருங்கோ தம்பி” என்று அயலிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் இரண்டு தடவை சொன்னார். அடுத்த மாதம் ஆகட்டும் என்றோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை தாயாரை ஆதிகோணேஸ்வரத்துக்கு அழைத்துச்சென்று தரிசனம் முடித்து, திருகோணமலை வீதியால் வந்து, நமது ஒழுங்கைக்குள் திருப்பினோம். நடைவேகந்தான். இடப்பக்கம் “கடக்” என்றொரு சத்தம். கார் முழந்தாளிட்ட மாடுபோல் முன்னே சாய்ந்தது. இறங்கிப் பார்த்தபொழுது சில்லு மட்காப்புக்கடியில் மடிந்து கிடந்தது. தாயாரின் அருச்சனைத் தட்டிலிருந்த தேங்காய்ப் பாதி உருண்டு வாய்க்காலில் விழுந்ததே அன்றைய மொத்த நட்டம். ஆனால் ஐந்து நிமிடங்களுக்கு முன்னர் அதே சில்லை நம்பி மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் மணல் லொறியொன்றை முந்தி வந்திருந்தோம். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. வீடு சேர்ந்தபின், “அப்பா ஒவ்வொரு மாசமும் அதுக்கடியில படுப்பார்” என்றார். அதைவிட ஏசியிருக்கலாம்.

ஆகவே, முன்னால் வைக்கப்பட்ட மூன்று புஷ்களையும் வேடிக்கைப் பொருள்களாகப் பார்க்க நம்மால் இயலவில்லை. மாணவருடன் கராஜுக்குப் புறப்பட்டோம்.

கார் மரக்குற்றிகளின்மேல் நின்றது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையை நீட்டாத மாணவரை மனத்துக்குள் மெச்சினோம். கீழ்க்கைகள் கழற்றப்பட்டிருந்தன. பழைய புஷ் உப்பியிருந்ததன் காரணம் உடனே தெரிந்தது. எஞ்சின் எண்ணெய் கசிந்து அதன்மேல் ஊறியிருந்தது. போதாக்குறைக்கு, கிறீச்சென்ற ஒலியை அடக்குவதற்காக யாரோ கிரீஸும் பூசியிருந்தார்கள். மரையுள்ள மூட்டுக்குக் கிரீஸ் அமிர்தம். இயற்கை றப்பருக்கோ அது நஞ்சு. கனிய எண்ணெய் உட்புகுந்தால் றப்பர் ஊதிப் பெருத்து உறுதி குன்றிவிடும். நம் வீடுகளிலும் கிறீச்சிடும் எதற்கும் எண்ணெய் விடுகிற பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்லுகிறோம்.

றப்பரைப்பற்றிப் பேச நம் நாட்டுக்கு உரிமையுண்டு. ஹென்றி விக்ஹாம் பிறேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க, அவற்றுள் ஏறக்குறைய இரண்டாயிரம் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1839இல், அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் வெயிலில் உருகாமலும் குளிரில் நொறுங்காமலும் நிற்கும் என்று கண்டிருந்தார். அவ்வாறு பதப்படுத்திய றப்பரின் சிறப்பு யாதெனில், முறுக்கினால் முறுகிக்கொடுத்து, விட்டால் பழைய நிலைக்கு மீளும். மீளும்பொழுது அதிர்வின் ஒரு பகுதியைத் தானே விழுங்கி வெப்பமாக மாற்றிவிடும். இஸிகோனிஸ் 1959இல் மினி காரை வகுத்தபொழுது, அலெக்ஸ் மோல்ற்றன் என்னும் நண்பர் அதற்கு உருக்கு வில்லை நீக்கி றப்பர்க் கூம்பையே வில்லாக அமைத்துக் கொடுத்தார் என்பது இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

இனிச் சிவப்புப் புஷ்ஷுக்கு வருவோம். அதன்மேல் நமக்குப் பகையில்லை. எண்ணெய்க்கு அது அஞ்சாது; நெடுங்காலம் உழைக்கும்; கடினமாதலால் கையை இம்மியும் விலகவிடாது. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிபோன்ற இடங்களில் நொடியின் பின்னங்களுக்காகப் போராடுபவருக்கு அவ்விறுக்கம் வேண்டியதே. முழுப் பந்தயக் கார்களிலே அதையும் நீக்கிவிட்டு உருக்குக் குண்டு மூட்டுகளையே வைப்பார்கள். ஆனால் றப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வு, றப்பரை எடுத்துவிட்டால் மறைந்துபோவதில்லை. அது கையின் வழியே குறுக்குச் சட்டத்துக்கும், சட்டத்தின் வழியே ஐம்பது ஆண்டுத் துருவேறிய உடலுக்கும், அங்கிருந்து ஓட்டுபவரின் முதுகுக்கும் போகும். மேலும் பொலியூரிதேன் முறுகிக்கொடுப்பதில்லை. உட்குழல் அதனுள் வழுக்கிச் சுழலவேண்டும். அதற்கு அதற்கென்றே உரிய சிலிக்கன் கிரீஸ் இட்டு, தூசி புகாமற் பார்த்துக்கொள்ளவேண்டும். அறுவடைக் காலத்தில் தம்பலகாமத்து வயற்பாதைகளில் எழும் புழுதியைக் கண்டவர்கள் இதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

நீளம் கூடிய கைகளின் கதையும் இத்தகையதே. கீழ்க்கை சற்று நீண்டால் சில்லின் அடி வெளியே தள்ளப்பட்டு, தலை உட்பக்கம் சாயும். வேகமாகத் திரும்பும்பொழுது கார் வெளிப்பக்கம் சாய, சில்லு தரையில் நேராகப் பதியும், பிடிப்பு மிகும். இது உண்மை. ஆனால் தம்பலகாமத்திலிருந்து கந்தளாய்க்குப் போகும் வீதியின் பெரும்பகுதி நேராகவே கிடக்கிறது. நேரான வீதியிலே அச்சில்லு தன் உள்விளிம்பால் ஓடி ரயரை அங்கேயே தேய்த்துத் தீர்க்கும். ரயர் விற்கிற விலையில் இது யாருக்கு வேண்டும்?

நடுவிலிருந்த புஷ்ஷை எடுத்து மாணவரிடம் கொடுத்தோம். 1973இல் எட்டு உருளை எஞ்சினுடன் வந்த எம்.ஜி.பி. வீ-8 காருக்கென உற்பத்தியாளரே அமைத்த புஷ் வகை அது. சாதாரண எம்.ஜி.பி.யின் கையிலும் மாற்றமின்றிப் பொருந்தும். உருக்கு உறை இருப்பதால் பக்கவாட்டில் நழுவாது. இடையே றப்பர் இருப்பதால் அதிர்வையும் விழுங்கும். மெய்யான மேம்பாடு அதுவே என்பது நமது எண்ணம். எனினும் புஷ்ஷுக்கு முன்னர் ஒரு வேலை இருந்தது. கைகளைத் துடைத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தபொழுது, ஒரு கையின் வெளிமுனையில் ஆணி நுழையும் துளை வட்டமாக இல்லாமல் முட்டைவடிவாய் நீண்டிருந்தது. அந்தக் கையிலே எந்த நிறத்துப் புஷ்ஷை மாட்டினாலும் பயனில்லை. பழைய அளவிலேயே வேறொரு கை கொழும்பிலிருந்து வரும்வரை பத்து நாள் காத்திருக்கவேண்டியதாயிற்று. அன்பருக்கு இது பிடிக்கவில்லை. பெட்டி நிறையச் சாமான் இருக்க, பழைய அளவுச் சாமானுக்குப் பணங்கொடுப்பதா என்று முகஞ்சுளித்தார். நமது மைனரின் கதையைச் சொன்னோம். தாயார் சொன்ன வாக்கியத்தையும் சொன்னோம். அதன்பின் அவர் பேசவில்லை.

புஷ்களைச் சவர்க்கார நீர் தடவி வைஸில் வைத்து அழுத்தி ஏற்றினார் மாணவர். கைகளைப் பூட்டி, நட்டுகளை இறுக்கப்போன இடத்திலேதான் நமது பௌதிகத்துக்கு வேலை வந்தது. சில்லு அந்தரத்தில் தொங்கும்பொழுது நட்டை இறுக்கிவிட்டால், புஷ்ஷின் உட்குழல் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். பிறகு காரை இறக்கினால் கை மேலே எழும், றப்பர் முறுகும். சில்லு இரண்டரை அங்குலம் தொங்கியதென்றும் கையின் நீளம் பத்தங்குலமென்றும் வைத்துக்கொண்டால், அந்த முறுக்கு ஏறத்தாழ 14 பாகை. கார் சும்மா நிற்கும்பொழுதுகூட றப்பர் முறுகியபடியே நிற்கும். புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழியும். கடையிலே குறைசொல்லிச் சண்டைபிடிப்போம். ஆகையால் நட்டுகளை விரலால் மட்டும் பூட்டி, காரைச் சமதரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி அமரவிட்டு, இருக்கைகளில் ஆட்களை ஏற்றி, அதன் பின்னரே இறுக்கவேண்டும். அன்பர் ஓட்டும் இடத்தில் அமர்ந்தார். மற்ற இருக்கையின் பாரத்துக்கு நாம் அமர்ந்தோம். வாழ்நாளிலே முதன்முறையாகப் பந்தயக் காரொன்றில் ஏறி, பத்து நிமிடம் ஓரிடத்திலேயே அசையாதிருந்து இறங்கிய பெருமை நமக்குண்டு. காருக்கடியிலிருந்து, “சேர், அசையாதேங்கோ” என்று அதிகாரம் செய்தது நம் மாணவரின் குரல்.

சில்லுகளின் நேர்மையைத் திருகோணமலையில் அளந்து சரிசெய்த மறுநாள் மாலை, அன்பர் காரைக் கந்தளாய் வரை ஓட்டிச்சென்றார். நாம் கராஜ் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு மணி நேரங்கழித்து வந்து இறங்கினார். நடுவழியில் ஓர் எருமைக்கூட்டம் குறுக்கே வந்ததாகவும், முழுப்பலத்தோடு பிறேக்கை அழுத்தியதாகவும், கார் கோடு கிழித்தாற்போல் நேரே நின்றதாகவும் கூறினார். சிவப்புப் புஷ்கள் இருந்த பெட்டி மேசைமேல் அப்படியே கிடந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு மாணவரின் பக்கம் திரும்பி, “தம்பி, பின்பக்கத்து வில்லுகளின் புஷ்ஷும் இதே வயசுதானே? நாளைக்குக் கழற்றிப் பாரும்” என்றார்.